மஞ்சள் அட்டை கட்டிய பூதப் பெட்டி

செய்தி வந்தபோது நான் கம்ப்ரஸர் அறையில் இருந்தேன். அங்கே போன் அடித்தால் காதில் விழாது, சட்டைப் பையில் துடிப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். லைனில் வேலை பார்க்கும் கலா கூப்பிட்டிருந்தாள். "சேகர் அண்ணா, பேச்சி அக்கா போயிட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை, எனக்கும் கேட்கவில்லை. வெளியே வந்தேன். காலை டீ வந்திருந்தது. தூறிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கம்பெனி யார்டில் இன்னும் யாருமே உட்காராத புதுக் கார்கள் வரிசை வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கையில் இருந்த டீ ஆறி, அதில் மழைத் தண்ணீரும் சேர்ந்திருந்தது. அதையும் குடித்தேன்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள் தலை வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எழவில்லை. தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வயது முப்பத்தாறு. கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால், "அந்த லாட் இன்னும் கேட்டுக்குள்ளயே வரலண்ணே" என்பாள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவளை இன்ஸ்பெக்ஷன் பேச்சியம்மாளாகத் தெரியும். எங்கள் பிரேக் கம்பெனிக்கு வெளியிலிருந்து லாட் லாட்டாக, மொத்தம் மொத்தமாக, வருகிற பாகங்களை நிறுத்தி, அளந்து, பார்த்து, உள்ளே விடுகிறவள். நல்லதுக்குப் பச்சை அட்டை, கெட்டதுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். மஞ்சள் என்றால் ஹோல்ட், நிறுத்தி வை என்று அர்த்தம். யார் ஹோல்ட் போட்டார்களோ அவர்கள்தான் எடுக்க வேண்டும், மேனேஜரே வந்தாலும் அதில் கை வைக்க முடியாது. மிச்சப் பாதிப் பேருக்கு அவளை யூசுப் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பூதங்களோடு பேசுகிறவளாகத் தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே ஆள்தான். என்னைவிட ஐந்து வயது இளையவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன், அவர் என்று எழுதினால் அவளே சிரித்துவிடுவாள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைத்த பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. நான் செய்த பெட்டி. அதை அவிழ்க்கலாமா கூடாதா என்பதுதான் இந்த ஒரு மாதமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தெரியாதவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேஜையைச் சுற்றி நாலு பேர். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். வழியில் காடு வரும், பாலம் வரும், பூதம் வரும். என்ன செய்வது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மெஷின் மாட்ட வந்த புனேக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பகடைகளையும் புத்தகத்தையும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற யூசுப்பிடம் கொடுத்துவிட்டுப் போனார். யூசுப் என் பள்ளிக்கூடத்துச் சினேகிதன், வீடு வடக்குப்பட்டில். அவன் வீட்டு மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு அறை உண்டு. கதை நடத்துவது நான். வாரம் முழுக்க ஷிஃப்ட் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு ஞாயிறு மதியம் பாதி தூக்கம், பாதி விழிப்பு. அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது.

பேச்சி முதல்முதலில் வந்தது ஆட அல்ல. அவளும் கலாவும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். கலாவைக் கூட்டிப் போக வந்தவள், வெயில் தாழட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தாள். கதையில் அப்போது ஒரு பாலம். பாலத்தில் ஒரு பூதம். யூசுப் கத்தியை உருவிவிட்டான், கலா நெருப்பு மந்திரம் சொல்லப் பகடையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சி சும்மா இருக்காமல், "அதுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "அது பூதம்மா. வழிய மறிக்கும், சண்டை போடும்" என்றேன்.

"அது சரிண்ணே. ஒருத்தன் வேலையத்துப்போய் பாலத்துல நிப்பானா? என்ன வேணும்னு கேளுங்க."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். புத்தகத்தில் அந்தப் பூதத்தின் பலம் இருந்தது, பல்லின் நீளம் இருந்தது, எத்தனை அடி வாங்கினால் சாகும் என்பது இருந்தது. என்ன வேண்டும் என்பது இல்லை. எனக்கு அன்று ஷிஃப்ட் முடித்த அசதி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தூக்கம் வேணும். பாலத்து மேல லாரி போக ஆரம்பிச்சதுலேர்ந்து இது தூங்கல."

"அப்பிடிச் சொல்லுங்க" என்று பேச்சி நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ படு. லாரி வந்தா நான் நிறுத்துதேன்."

நம்ப மாட்டீர்கள், நான்கு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூதத்தைத் தூங்க வைத்துவிட்டு நாங்கள் காவல் இருந்தோம். வருகிற வண்டியை எல்லாம் நயமாகப் பேசித் திருப்பி அனுப்பினோம். யூசுப் உறையில் போட்ட கத்தியை வெளியே எடுக்கவே இல்லை. வெளியே ஒரகடம் சாலையில் நிஜ லாரிகள் போகிற சத்தம், உள்ளே பூதத்தின் குறட்டை. அந்தக் குறட்டையை நான்தான் போட்டேன். ஒருமுறை போட்டுக்கொண்டே நிஜமாகத் தூங்கிவிட்டேன். என்னை எழுப்பாமல் மூன்று பேரும் கதையில் காவல் இருந்ததைப் பிறகு சொன்னார்கள். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த வருடத்தில் தூங்கியதே இல்லை.

அதன்பிறகு எங்களுக்கு ஆசை பெருத்தது. நான்கு பேரும் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து ஒரு பூதப் பெட்டி வரவழைத்தோம். இந்த விளையாட்டுக்கென்று கூடுதலாக விற்கிற பெட்டி அது. உள்ளே நூறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூதத்தின் படமும் விவரமும். பெட்டியின் மூடி கண்ணாடி போல மின்னியது. யூசுப் அதைத் தடவிப் பார்த்து, "சேகரு, ஷோக்கா கீதுல்ல" என்று உருகினான். பேச்சி வாங்கி இரண்டு கையாலும் எடை பார்த்தாள். "கனம் பூராவும் பெட்டிக்குத்தான்" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கட்டு அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு. கம்பெனி அட்டை அல்ல, கடையில் வாங்கித் தானே வெட்டி ஓட்டை போட்டு நூல் கோத்தது.

படித்துப் பார்த்து மதிப்புச் சொல்ல அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டியில மாட்டிப் பாக்காம பாகத்தைப் பாஸ் பண்ண முடியாதுண்ணே" என்றாள். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று பூதங்களைக் கதைக்குள் விட்டோம். மேஜையில் நடந்ததைப் பார்த்து அவள் அட்டை கட்டினாள். பனி மலைப் பூதமும் எரிமலைப் பூதமும் பாலைவனப் பூதமும் அடுத்தடுத்து வந்து ஒரே மாதிரி கத்தி, ஒரே மாதிரி செத்துப்போயின. "மூணும் ஒரே அச்சுல வார்த்தது. பெயின்ட்தான் வேற" என்று மூன்றுக்கும் சிவப்பு. படம் அத்தனை அழகாக இருக்கிறதே என்று கலா வாதாடிப் பார்த்தாள். பேச்சி மசியவில்லை.

அந்த நூறில் ஒரு நத்தை இருந்தது. எருமை அளவு நத்தை. எங்கேயோ தன் ஓட்டைத் தொலைத்துவிட்டு, வழியில் தெரிகிற வீட்டுக் கதவை எல்லாம் தட்டித் தட்டி, உள்ளே தன் உடம்பு பொருந்துகிறதா என்று பார்க்கும். யாரையும் கடிக்காது. ஆனால் அது நுழைந்து பார்த்த வீடு இடிந்துவிடும். அதை எப்படித் தடுப்பது, எங்கே குடிவைப்பது என்று நாங்கள் ஆறு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு, கேன்டீன் வரிசையில் அதே பேச்சு. கடைசியில் கதையில் ஒரு காலி கோடவுனை அதற்கு எழுதிக் கொடுத்தோம். ஷட்டரை இறக்கிய பிறகு உள்ளே அது பெருமூச்சு விட்டது. பேச்சி பச்சை அட்டையைக் கட்டி, பெட்டி முழுவதற்கும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொன்னாள். "இந்த ஒண்ணுக்காகப் பெட்டிய வெச்சுக்கிடலாம். எத்தன பூதம் உள்ள கிடக்குங்கது கணக்கில்ல. மூடி வெச்ச பொறவு எத்தன நாள் அதப் பத்திப் பேசுதோம், அதான் பெட்டியோட மதிப்பு."

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஊரைச் சுற்றி இல்லாத பூதமா என்று நானே ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்தேன். மேம்பாலத்துக்கு அடியில் ஒற்றைக் கால் சேஃப்டி ஷூக்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஜோடி சேராமல் அழுகிற ஒன்று. கம்பெனி பஸ்ஸில் காலியான சீட்டில் வந்து உட்கார்ந்து, பக்கத்தில் தூங்குகிறவனின் கனவை அவனோடு சேர்ந்து பார்க்கிற ஒன்று. மூடிப்போன தொழிற்சாலையில் இன்னும் சங்கு ஊதிக்கொண்டு, ஆள் வருவார்கள் என்று கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கிற ஒன்று. மொத்தம் நாற்பது. ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒவ்வொன்றும் மேஜைக்குப் போய், பேச்சியின் கையால் அட்டை வாங்கித்தான் பெட்டிக்குள் போனது. திருப்பி அனுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், ஆனால் திருத்திக்கொண்டு வருவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எதைத் திருத்த வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொல்லித்தர மாட்டாள். "தெரிஞ்சா சொல்லேன்" என்று கேட்டால், "இன்ஸ்பெக்டர் ரிவொர்க் பண்ணப்பிடாதுண்ணே. நான் கைய வெச்சா அது என் பாகமாயிரும். அப்புறம் அத யாரு பாக்கது?" என்பாள். இது கம்பெனியில் உள்ள சட்டம்தான். கதைக்குள்ளும் அதை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

முப்பத்தொன்பது பச்சை அட்டைகள் சேர்ந்தபோது, சென்னையில் இந்த மாதிரி விளையாட்டுகள் விற்கிற ஒரு கடைக்காரர் என் பெட்டியை அச்சடிக்க முன்வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வயது தாண்டிய மெயின்டனன்ஸ் ஆள் நான். என் பெயர் எதிலாவது அச்சாகியிருக்கிறது என்றால் அது ஐடி கார்டில்தான். பாக்கி ஒரே ஒரு பூதம். அதை நான் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். ஏரிப் பூதம். பெட்டியின் மூடியில் அதன் படத்தைத்தான் போடுவதாக இருந்தோம்.

செம்பரம்பாக்கம் ஏரியை மனதில் வைத்து எழுதியது அது. வெயில் காலத்தில் மைல் கணக்கில் வெறும் தரையாகப் படுத்துக் கிடக்கும். மழை வந்தால் எழும். எழுந்தால் நடக்கும். நடக்கிற வழியில் இருப்பதை எல்லாம் விழுங்கும். அதன் அட்டையில் தேவை என்ற கட்டத்தில் நான் 'அழிவு' என்று எழுதியிருந்தேன். அன்று மேஜையில் அதை விட்டேன். குரலை எல்லாம் மாற்றி, மேஜையைத் தட்டி, பிரமாதமாக நடத்தினேன். யூசுப் பயந்துவிட்டான். பேச்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு என்னண்ணே வேணும்?"

"எழுதியிருக்கேனே. அழிவு."

"அது நமக்கு நடக்கது. அதுக்கு என்ன வேணும்?"

"தண்ணிம்மா அது. தண்ணிக்கு இன்னா வேணும்? வரும், அடிச்சிகினு போகும்."

அவள் மஞ்சள் அட்டையை எடுத்தாள். 'தேவை தெரியவில்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு பூதத்தில் கட்டியிருந்தால் பரவாயில்லை. பெட்டியை மூடி, சுற்றி நூலைக் கட்டி, அதில் அட்டையைத் தொங்கவிட்டாள். ஏன் என்றேன். "லாட்ல ஒண்ணு சந்தேகம்னா லாட் மொத்தமும் நிக்கும்லாண்ணே" என்றாள்.

கடைக்காரர் அந்த வாரமே பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தார். என் புத்தி கெட்டுப்போனது அப்போதுதான். "நீ கோவில்பட்டிக்காரி. உனக்கு எங்க ஏரியப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்கவில்லை, கத்தினேன். யூசுப், "டேய், இன்னாடா பேசற நீ" என்று என் கையைப் பிடித்தான். பேச்சி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிண்ணே" என்றாள். மிச்ச டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கலாவோடு கிளம்பிப் போனாள். அடுத்த ஞாயிறு எனக்கு ஓ.டி. என்று பொய் சொல்லிவிட்டு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

அவளை ஊருக்குக் கொண்டுபோன வண்டி ஒரகடம் வழியாகத்தான் போனது. சிங்கப்பெருமாள்கோயில் போய்த் தெற்கே திரும்ப வேண்டும். அவள் தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தான். எங்கள் கம்பெனி வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். மாலை போட்டோம். வண்டி கிளம்பியபோது பின்னாலிருந்து கார் ஏற்றிய டிரெய்லர்கள் நாலைந்து வந்தன. அவற்றுக்கு நடுவில் அந்தச் சின்ன வண்டி கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மழையில் எது எது என்று தெரியாமல் போனது. செக்யூரிட்டி வழக்கம் போல வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டார்.

அன்று பஸ்ஸில் கலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், "அக்காவுக்கு ஏரியத் தெரியும்ணா" என்றாள்.

பேச்சி இந்தப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில், ஏரிக்குக் கீழே ஆற்றோரமாக ஒரு தரைத்தள அறையில் வாடகைக்கு இருந்திருக்கிறாள். அந்தப் பெருவெள்ளம் வந்த வருடம். கொண்டுவந்த பெட்டி, சர்டிபிகேட், அம்மா கொடுத்தனுப்பிய பாத்திரங்கள், எல்லாம் போய்விட்டன. முன்பின் தெரியாதவர்களோடு ஒரு மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்திருக்கிறாள். எங்கள் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. கலாவிடம்கூட ஒரே ஒரு முறை, ஏரியைத் தாண்டிப் போகும்போது, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "அதுக்கு என் மேல என்ன கோவம், கலா? அது அது பாட்டுக்குப் போயிருக்கு. போற வழியில நான் வாடகைக்கு இருந்திருக்கேன்."

எனக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. அவளுக்குப் பதில் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எனக்குச் சொல்லாமல், நானாகக் கண்டுபிடிப்பேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். நானோ அவளிடம் போய், உனக்கு எங்கள் ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறேன். கலா தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து நாங்கள் மூன்று பேரும் யூசுப் வீட்டு மாடியில் கூடினோம். பெட்டி அலமாரியில் இருந்தது. நூலும் மஞ்சள் அட்டையும் அப்படியே. கடைக்காரர் மறுபடி போன் செய்திருந்தார். வெளியில் இருக்கிற ஒருவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். ஒரு கத்தரிக்கோல் எடுத்தால் முடிந்தது. ஆனால் மூன்று பேரும் கம்பெனிக்காரர்கள். ஹோல்ட் அட்டையை வெட்டுவது என்றால் கை வராது. போட்டவர் லீவில் இருந்தால் யார் எடுப்பது, வேலையை விட்டுப் போயிருந்தால் யார் எடுப்பது என்று யூசுப் நிஜமாகவே யோசித்தான். "செக்ஷன் ஹெட் எடுக்கலாம். நம்மள்ல யாரு செக்ஷன் ஹெட்டு?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுடைய நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை.

அடுத்த விடுமுறையில் நான் தனியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக் கரைக்குப் போனேன். மேகம் மூடிய மதியம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. கொக்குகள் நடுவில் நின்றன, அங்கே ஆழமில்லை போலிருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரி. வாலாஜாபாத்துக்கும் சென்னைக்கும் நடுவில் எத்தனை முறை கடந்திருப்பேன். அன்றுதான் அதற்கு என்ன வேண்டும் என்று முதல்முறையாகக் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன், பக்கத்தில் யாரும் இல்லை. காற்று வந்து கரையோரம் சளக் சளக் என்றது. கொஞ்சம் தூங்கினேன் என்று நினைக்கிறேன். எழுந்து, பையில் கொண்டுபோயிருந்த வெற்று அட்டையில் அழிவு என்பதற்குப் பதிலாக வேறொன்று எழுதினேன்.

போன ஞாயிறு அதை மேஜையில் விட்டோம். பெட்டியைத் திறக்கவில்லை, புதிதாக எழுதிய அட்டை மட்டும்தான். பேச்சியின் நாற்காலியையும் மேஜைக்கு இழுத்துப் போட்டோம். நான் மேஜையைத் தட்டவில்லை, குரலை மாற்றவில்லை. ஏரி எழுந்தது, நடந்தது, கதையில் யூசுப்பும் கலாவும் நின்ற தெருவுக்கு வந்தது. யூசுப் கத்தியை எடுக்கவில்லை. "இன்னாபா ஏரி, உனுக்கு இன்னா வோணும்?" என்று கேட்டான்.

"இந்தத் தெருவுல ஒரு பொண்ணு குடியிருந்தா" என்றேன். "வேற ஊர்லேர்ந்து வந்தவ. வர்றேன்னு அவகிட்ட சொல்லாம நான் வந்துட்டேன். அவ பொட்டி, பாத்திரம் எல்லாம் என்கிட்டதான் கீது. குடுக்கணும். அப்போலேர்ந்து வூடு வூடாத் தேடிகினு இருக்கேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"இன்னா வார்த்தை?"

அட்டையில் 'தெரியாமல் வந்துவிட்டேன்' என்றுதான் எழுதியிருந்தேன். என் வாயில் வந்தது வேறு. "தெரியாம பேசிட்டேன்னு" என்றேன்.

பகடையை யாரும் தொடவில்லை. கலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். யூசுப் எழுந்து போய் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றான். பிறகு கலா எழுந்தாள். அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். விரல் நூல் முடிச்சு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"ரிவொர்க் ஆனா மறுபடி அக்காகிட்டதானே போகணும்" என்றாள்.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பெட்டி இப்போதைக்கு இல்லை என்றேன். என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை, பார்க்க வேண்டியவர் இன்னும் பார்க்கவில்லை என்றேன். அவர் வேறு ஆளிடம் காட்டுங்களேன் என்றார். நல்ல மனிதர், அவருக்கு இது விளங்காததில் தப்பில்லை. என் பெயர் அச்சில் வராதது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் அது பொய்.

பேச்சியம்மாளைத் தெரிந்தவர்கள் அவளுடைய பொருள் ஏதாவது வைத்திருப்பீர்கள். டைப் செய்த ரிப்போர்ட், வாட்ஸாப்பில் அனுப்பிய காலை வணக்கம், கடன் வாங்கிய குடை. என்னிடம் இருப்பது அவள் கையெழுத்துப் போட்ட ஒரு மஞ்சள் அட்டையும் அவளுடைய ஒரு கேள்வியும். அந்தக் கேள்வியை இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். மக்கர் பண்ணுகிற கம்ப்ரஸரிடம் கேட்கிறேன், கத்துகிற சூப்பர்வைசரிடம் மனதுக்குள் கேட்கிறேன். மூன்று வருடம் எதிரில் உட்கார்ந்து பூதம் பூதமாகக் கேட்டவளிடம், உனக்கு என்னம்மா வேணும் என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

நாற்பதாவது அட்டையைத் திருத்திவிட்டேன், பேச்சி. பெட்டி மேல் வைத்திருக்கிறேன். நூலை யாரும் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் விட மாட்டேன். உன் நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.